கடலைத் திறக்கச் சொன்னவரின் படம்

அருங்காட்சியகத்தில் எனக்குப் பிறகு வழிகாட்டி வேலைக்கு வந்த இரண்டு பிள்ளைகள் போன மாதம் என்னைத் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்கள். கனடாவின் மேற்கில் இருக்கிற அல்பேர்ட்டா மாகாணம் பிரிந்துபோக வேண்டும் என்று அங்கே சிலர் கூட்டம் போடுகிறார்கள். தெற்கே இருக்கிற பக்கத்து நாட்டுக்காரரோ எங்களைத் தங்களோடு வந்து சேரச் சொல்கிறார்கள். இந்த நேரத்தில் "பிரிவினை மேசை"யைத் திரும்பப் போட்டால் சனம் வரும் என்று நிர்வாகம் நினைக்கிறதாம்.

"அன்ரி, அதை நீங்கதானே நடத்தினீங்க? ஏன் டோர் க்ளோஸ் பண்ணினீங்க, ஏன் கமரா அலவ்ட் இல்லை? ஃபைல்ல ஒரு ரீசனும் இல்லை," என்றாள் ஒருத்தி.

ஃபைலில் ஒன்றும் இருக்காது. ஏன் இருக்காது என்பதற்குத்தான் இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்றவர்களிடம் பேனாவைக் கொடுத்தால் பிறந்த வீட்டிலிருந்து தொடங்குவார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன்.

யாழ்ப்பாணத்தில் வரலாறு படித்துவிட்டு அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தனிநாட்டை ஆதரிக்கமாட்டேன் என்று அரச ஊழியர் எல்லாரும் சத்தியம் செய்யவேண்டும் என்று சட்டம் வந்தது. வரிசையில் நின்று நானும் செய்தேன். வீட்டில் அடுப்பு எரியவேண்டுமே. பக்கத்து மேசைக்காரர் சத்தியத்தை முடித்துக்கொண்டு வந்து, "இனிக் கனவிலையும் கவனமாத்தான் கதைக்கவேணும்," என்றார். சிரித்தோம். பிறகு சிரிக்கிற காலம் போய்விட்டது. கனடாவுக்கு வந்து தொழிற்சாலை, துப்புரவு, அருங்காட்சியகத்து ரிக்கெற் மேசை என்று படிப்படியாக ஏறி வழிகாட்டியானேன். நாடாவை நாடியில் கட்டுகிற பழங்காலத்துத் தொப்பியும் நிலத்தைக் கூட்டுகிற பாவாடையுமாக ஸ்காபுரோவில் ஒருநாள் பஸ் ஏறியபோது, "அக்கா நாடகத்திலயோ?" என்று கேட்டார்கள். ஓம், மாதச் சம்பளத்துக்கு, என்றேன்.

எங்கள் அருங்காட்சியகம் சின்னது. இருநூறு வருடத்துக்கு முன், ரொறொன்ரோ யோர்க் என்ற பெயரில் ஒரு குக்கிராமமாக இருந்தபோது அமெரிக்கப் படை வந்து எரித்துவிட்டுப் போன போர்தான் எங்கள் பொருள். ஆனால் எதிரியின் பக்கத்திலும் அந்தப் போரை வெறுத்தவர்கள் இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ இங்கிலாந்து என்று சொல்கிற மாநிலங்கள் கடலால் பிழைத்தவை. தலைநகரத்தில் இருந்தவர்கள் அவர்களைக் கேட்காமலே முதலில் துறைமுகங்களை மூடினார்கள், பிறகு போரையும் தொடங்கினார்கள். கப்பல்கள் கரையில் உக்கின. கோபம் ஏறிப் பிரிந்துபோவோம் என்ற பேச்சும் எழுந்தது. கடைசியில் அந்த மாநிலங்களின் பிரதிநிதிகள் ஹாட்ஃபோட் நகரத்தில் கூடி, கதவை மூடிவிட்டுச் சில கிழமைகள் பேசினார்கள். வெளியே வந்தபோது அவர்கள் கையில் இருந்தது பிரிவினைப் பிரகடனம் அல்ல. அரசியல் சட்டத்தை இன்னின்னபடி திருத்துங்கள் என்று கேட்கிற ஓர் அறிக்கைதான். அதைக் கொண்டுபோனவர்கள் தலைநகரத்தை அடைய, போர் முடிந்த செய்தியும் வந்து சேர்ந்தது. ஊர் கைகொட்டிச் சிரித்தது. உள்ளே துரோகந்தான் பேசியிருப்பார்கள் என்று அவர்கள் சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது.

இதை வைத்துத்தான் மேசை. வருகிறவர்கள் பிரதிநிதிகளாகச் சுற்றி உட்காருவார்கள். கப்பல்காரன், வயல் செய்கிற கமக்காரன், போதகர், விதவை என்று ஆளுக்கொரு பாத்திரம். நான் வாசல்காப்பவள். உண்மையான கூட்டத்திலும் ஒரு வாசல்காப்பவர் இருந்தார், உள்ளே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று அவரும் கட்டுப்பட்டிருந்தார். நான் பேச்சைத் தொடக்கிவைத்துவிட்டுச் சுவரோரம் போய்விடவேண்டும். எந்தப் பக்கம் சரி என்று சொல்லக்கூடாது. எதிர்காலம் எனக்குத் தெரியக்கூடாது. போரில் யார் வென்றது என்று யாராவது கேட்டால், "செய்தி இன்னும் வரவில்லை ஐயா," என்று சொல்லவேண்டும். முடிவில் ஒவ்வொருவரும் அட்டை தூக்குவார்கள். சிவப்பு என்றால் பிரிவோம், நீலம் என்றால் இருப்போம், வெள்ளை என்றால் குறைகளை எழுதி அனுப்பிச் சட்டத்தை மாற்றக் கேட்போம். வெள்ளையைப் பெரும்பாலும் யாரும் தூக்கமாட்டார்கள். மனிதருக்குச் சுவாரசியம் வேண்டும்.

இந்த விதிகளை எல்லாம் வகுத்தவர் மார்கிரட், எங்கள் பகுதிக்குப் பொறுப்பானவர். மெலிந்த, நிமிர்ந்த பெண்மணி. சத்தம் போட்டு ஒருநாளும் கேட்டதில்லை. காட்சிப்பொருளுக்குப் பக்கத்தில் வைக்கிற விளக்க அட்டையை யார் எழுதினாலும், முதலில் அதைச் சுவரில் குத்தி, நான்கு எட்டுப் பின்னால் போய் நின்று, உரக்க வாசிப்பார். ஒவ்வொரு வசனம் முடிந்ததும் திரும்பி எங்களைப் பார்த்து, "யார் சொன்னது?" என்பார். சாட்சி காட்டினால் வசனம் தப்பும். காட்டாவிட்டால் சிவப்புப் பென்சில். நான் எழுதிய முதல் அட்டையில் "மக்கள் துயரத்தில் மூழ்கினர்" என்று இருந்தது. "எந்த மக்கள்? எத்தனை பேர் உங்களிடம் சொன்னார்கள்?" என்று கேட்டு, ஒரு கோடு. அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் ஏச்சு விழுந்தது.

அவருடைய இன்னொரு சட்டம் இதைவிடக் கடுமையானது. பிழையான அட்டையைச் சத்தமில்லாமல் எடுத்துவிடக்கூடாது. என்ன பிழை விட்டோம் என்று இன்னொரு அட்டை எழுதி, அதே இடத்தில் வைக்கவேண்டும். போரில் பயன்பட்டது என்று நாங்கள் எழுதியிருந்த ஒரு வாள், போர் முடிந்தபிறகு செய்தது என்று தெரியவந்தது. "இவ்வாறு எழுதியிருந்தோம். அது தவறு" என்று வைத்தார். சனம் வாளை விட்டுவிட்டு எங்கள் தவறை நின்று வாசித்தது. அவருக்கு அதில் பரம திருப்தி. எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். பொய்யைத் திருத்தி நான்குபேர் பார்க்க வைக்கிற அலுவலகத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை.

ஊரில் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த ஒரு வசந்த காலத்தில், ரொறொன்ரோவின் ரெக்ஸ்டேல் பகுதியில் இருந்து பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பு ஒன்று வந்தது. பல நாட்டவர், எங்கள் ஆள் ஒரே ஒருவர். கதவு அப்போதெல்லாம் திறந்தே இருக்கும், விளம்பரப் பகுதியில் இருந்து ஒருவர் வந்து படம் எடுப்பார். யோகநாதன் என்று பெயர், பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன், நாற்பது தாண்டியவர், மேசையின் மூலையில் மடியில் கைவைத்து இருந்தார். வகுப்பில் வாயே திறக்காத ஆள் என்று ஆசிரியை எனக்கு முன்கூட்டியே சொன்னார். அவருக்கு மீன்பிடிக்காரன் பாத்திரம் கிடைத்தது.

ஒரு சோமாலியப் பெண் தன் அட்டையைத் தட்டித்தடுமாறி வாசித்தாள். கப்பல்கள் கரையில் கிடக்கின்றன, தலைநகரம் எங்களைக் கேட்கவில்லை, என்று. அவள் முடிக்கவில்லை, யோகநாதன் எழும்பிவிட்டார்.

"தே க்ளோஸ் த சீ," என்றார். "ஹூ தே ஆஸ்க்?" பிறகு கையை உயர்த்தி, என்னைப் பார்த்துத் தமிழில் பொரிந்தார். "கடலைப் பூட்டினா நாங்கள் என்னத்தைத் தின்னுறது? பாஸ் எடுத்துக்கொண்டு போ, சொன்ன நேரத்துக்கு வா, அந்தப் பக்கம் போகாதை. கடல் ஆரின்ர வீட்டு முற்றம்? நாங்கள் உங்களைப் போகச் சொல்லேல்லை, நாங்கள் போறமெண்டும் சொல்லேல்லை. கடலைத் திறவுங்கோ. அவ்வளவுதான்."

யாருக்கும் தமிழ் விளங்கவில்லை, ஆனால் எல்லாரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். அவர் வெட்கப்பட்டு இருந்துவிட்டார். முடிவில் அவர் தூக்கியது வெள்ளை அட்டை. அன்றைக்கு அந்த ஒன்றுதான் வெள்ளை.

பிறகு நான் தொப்பியைக் கழற்றிவிட்டு, அந்தப் பிரதிநிதிகளுக்கு என்ன நடந்தது என்று சொன்னேன். போகிறபோது அவர் என்னிடம் வந்தார்.

"அக்கா, உள்ளுக்கு என்ன கதைச்சவையெண்டு அவையள் சொன்னதைப் பிறகாவது ஆரும் நம்பினவையோ?"

"இல்லைத் தம்பி. கனபேர் கடைசிவரைக்கும் நம்பேல்லை."

"எப்பிடி நம்புவினம்," என்று சிரித்தார். அவர் மீனவர் சங்கத்தில் செயலாளராக இருந்தவர். ஊரில் படை மூடிய கடலைத் திறக்கக் கேட்டு மனு எழுத ஒரு மண்டபத்தில் கூடியதற்காகப் பல மாதம் தடுப்புக்காவலில் வைத்து, உள்ளே என்ன பேசினீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மனு எழுதினோம் என்றதை அவர்கள் நம்பவில்லை. இதைப் படியில் நின்றபடியே சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அடுத்த கிழமை ஒருநாள் நான் வேலைக்கு வந்தபோது, கதவு திறக்க முன்னமே வாசலில் நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. தொலைபேசியை நீட்டினார். எங்கள் அருங்காட்சியகத்தின் முகநூல் பக்கம். எழுந்து நின்று, கை உயர்ந்து, வாய் திறந்தபடி அவர். அவருக்குப் பின்னால் யாரோ அவசரப்பட்டு முன்னதாகவே தூக்கிய சிவப்பு அட்டை. கீழே படக்குறிப்பு: "பிரிவினைக்காகப் பேசுகிறார் ஒரு பிரதிநிதி."

"உதோட நிக்கேல்லை அக்கா," என்று விரலால் தள்ளிக் காட்டினார். பக்கத்து மார்க்கம் நகரத்தில் இருக்கிற யாரோ ஒரு புண்ணியவான் அதை எடுத்துத் தன் பக்கத்தில் போட்டு, தனிநாட்டுக்காகக் கனடாவில் முழங்கிய மறவன் என்று எழுதியிருந்தார். நூற்றுக்கணக்கில் பகிர்ந்திருந்தார்கள். "மனிசியும் பிள்ளையும் வாற கிழமை கொழும்பில பிளேன் ஏறவேணும். விசா வந்திட்டுது. எத்தினை வருசம் காத்துக்கொண்டு இருந்தனாங்கள். உதை எயாப்போட்டில ஆரும் கண்டா அவையளை விடுவினமோ? உந்தப் படத்தை எடுப்பிச்சுத் தாங்கோ அக்கா."

அவரை வெளியே கதிரையில் இருத்திவிட்டு மார்கிரட்டின் அறைக்குப் போனேன். அவர் படத்தைப் பார்த்தார், நான் சொன்னதைக் கேட்டார், பிறகு, "படம் எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்து வைத்திருக்கிறாரே," என்றார்.

எனக்கு எங்கே இருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியாது. இத்தனை வருடம் அந்த அறையில் நான் குரல் உயர்த்தியதில்லை. படக்குறிப்பைத் தொட்டுக் காட்டி, "யார் சொன்னது?" என்று கேட்டேன். "பிரிவினைக்காகப் பேசினார் என்று யார் சொன்னது? அந்த அறையில் தமிழ் விளங்கியவள் நான் ஒருத்திதான். அவர் கடலைத் திறக்கச் சொன்னார். தூக்கியது வெள்ளை அட்டை."

மார்கிரட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குறிப்பைத் திரும்ப வாசித்தார். "அப்படியானால் இது பிழையான அட்டை," என்றார். "இன்றைக்கே திருத்தம் போடவேண்டும். இப்படி எழுதியிருந்தோம், அது தவறு, அவர் உண்மையில் சொன்னது இது, என்று."

"திருத்தம் வேண்டாம். இல்லாமல் செய்யவேண்டும்."

"பிழையை ஒளிப்பது இரண்டாவது பிழை. பதினைந்து வருடமாக நான் அதைச் செய்ததில்லை."

அவரில் எனக்கு வந்த எரிச்சலை விட, அவர் சொல்வது சரி என்று தெரிந்ததுதான் பெரிய எரிச்சல். வாளைப் பற்றிய திருத்தத்தை நின்று வாசித்த அதே சனம் இதையும் வாசிக்கும். ஆனால் இது வாள் இல்லையே. ஒருவன் பிரிவினை பேசவில்லை என்று ஒரு நிறுவனம் அறிக்கை விட்டால், எங்கள் நாட்டில் அதற்கு என்ன அர்த்தம் எடுப்பார்கள் என்று இந்தப் பெண்மணிக்கு நான் எப்படி விளக்குவேன்? ஹாட்ஃபோட்காரர்களும் அறிக்கைதானே விட்டார்கள், என்றேன். அவர் வெளியே கதிரையில் இருந்தவரை எட்டிப் பார்த்தார். பிறகு, "அவரையே கேட்போம்," என்றார்.

யோகநாதன் கதிரையின் நுனியில் இருந்தார். மார்கிரட் கேட்டதை நான் தமிழில் சொன்னேன்.

"திருத்தமும் வேண்டாம் அக்கா. இல்லை இல்லையெண்டு சொல்லச் சொல்லத்தான் கூடப் பாப்பினம். எல்லாத்தையும் எடுக்கச் சொல்லுங்கோ." எழும்பப் பார்த்தவர் திரும்ப இருந்தார். "ஆனா அவவிட்ட ஒண்டு சொல்லுங்கோ. நான் கடலைத் திறக்கத்தான் கேட்டனான். அண்டைக்கு மண்டபத்திலையும் அதுதான், இஞ்சையும் அதுதான். அவவாவது நம்பட்டும்."

நான் மொழிபெயர்த்தேன். மார்கிரட் கையில் இருந்த பென்சிலை மேசையில் வைத்தார். அவரை நேரே பார்த்து, "நம்புகிறேன்," என்றார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அதன்பிறகு அவர் வேலை செய்ததைப் பார்த்திருக்கவேண்டும். முகநூல் பக்கத்தில் இருந்து மட்டும் எடுத்தால் போதாது என்று, கணினிக்காரரை அழைத்துப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, கமராவின் நினைவட்டை, விளம்பரப் பகுதியின் சேமிப்பு, அதன் நகல், நகலின் நகல் என்று ஒவ்வொன்றாகத் தேடி அழிப்பித்தார். அட்டைகளில் காட்டிய அதே கண்டிப்பு. ஒவ்வொன்றும் அழிந்ததும், "இன்னும் எங்கே இருக்கலாம்?" என்று கேட்டார். நான் மார்க்கத்துப் புண்ணியவானைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"உணர்ச்சியான படமக்கா. ஏன் எடுக்கச் சொல்லுறியள்?"

"உம்முடைய உணர்ச்சிக்கு அந்தாளின்ர பெண்சாதி கட்டுநாயக்கா எயாப்போட்டில நிண்டு பதில் சொல்லவேணும். எடும்."

எடுத்தார். பகிர்ந்தவர்களுக்கும் சொல்லுவித்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும், ஆள் கெட்டவர் இல்லை. தூரத்தில் இருந்துகொண்டு வீரம் வளர்க்கிற எங்கள் பழக்கம் அவரிலும் இருந்தது, அவ்வளவுதான்.

மார்கிரட் இதைப் பற்றி ஒரு வரி எழுதிவைக்கவில்லை. எழுதினால் பெயர் இருக்கும், பெயர் இருந்தால் படம் அழிந்தும் பயனில்லை. தன் சட்டத்தைத் தானே மீறியது அவருக்குச் சுகமாக இருக்கவில்லை, சில நாள் முகத்தில் தெரிந்தது. இனிமேல் மேசை நடக்கும்போது கதவு மூடியிருக்கும், கமராவும் கூடாது, என்று புது ஒழுங்கு போட்டார். நிர்வாகம் காரணம் கேட்டபோது, "அவர்கள் கதவை மூடித்தான் பேசினார்கள். நாங்கள் திறந்து வைத்திருந்ததுதான் வரலாற்றுப் பிழை," என்றார். சாட்சி இருக்கிற வசனம். ஒருவரும் கோடு போட முடியவில்லை.

அடுத்த கிழமை முழுக்கத் தொலைபேசி அடித்தபோதெல்லாம் ஓடினேன். சனிக்கிழமை பின்னேரம் யோகநாதன் அழைப்பு எடுத்தார். "வந்திட்டினம் அக்கா," என்றார். பின்னால் ஒரு சின்னப் பிள்ளையின் சத்தம் கேட்டது. அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மார்கிரட்டின் வீட்டுக்கு எடுத்துச் சொன்னேன். நன்றி என்று சொல்லி உடனே வைத்துவிட்டார். அழுகையை எனக்குக் காட்ட விரும்பவில்லை என்று நினைக்கிறேன்.

கோடையில் மூவரும் அருங்காட்சியகம் பார்க்க வந்தார்கள். அவர் மகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துப் பீரங்கியைக் காட்டப் போனார். மனைவி சாந்தி என்னோடு வாங்கில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சநேரம் வெயிலைப் பற்றியும் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் கதைத்தாள். பிறகு குரலைத் தணித்தாள்.

"அக்கா, இவருக்கு நான் சொல்லேல்லை. எயாப்போட்டில என்னை ஒரு அறைக்குள்ள கூட்டிக்கொண்டு போனவங்கள். ஒருத்தன் தன்ர போனில அந்தப் படத்தைக் காட்டி, இது உம்முடைய புருசனோ எண்டு கேட்டான்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"இது ஆரெண்டு எனக்குத் தெரியாது, என்ர மனுசன் சபையில வாய் திறக்காத ஆள் எண்டு சொன்னன். மாறி மாறிக் கேட்டான். நானும் அதையே சொன்னன். பிள்ளை அழத் துவங்க விட்டிட்டான்." பீரங்கிப் பக்கம் பார்த்தாள். "பொய்யெண்டு நினைச்சுத்தான் சொன்னனான். பிளேனுக்குள்ள இருந்து யோசிச்சா, பொய்யும் இல்லை அக்கா. தடுப்பால வந்தபிறகு வீட்டில கூட இவர் சத்தமாக் கதைச்சதில்லை. கலியாணம் கட்டின புதிசில, சங்கக் கூட்டத்தில உப்பிடித்தான் கையை உயர்த்திக்கொண்டு நிப்பார். அந்த முகத்தை நான் திரும்பக் கண்டது அந்தப் படத்திலதான். ஆனா தெரியாத ஆளைப் பாக்கிறமாதிரிப் பாக்கவேண்டிக் கிடந்தது. வடிவாப் பாக்க விடேல்லை."

நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களிட்ட இருக்கும்தானே அக்கா? ஒண்டு தாங்கோ. இவருக்குத் தெரியாமல் அலுமாரிக்குள்ள வைச்சிருப்பன்."

"இல்லைப் பிள்ளை," என்றேன். "நீங்கள் வரவேணும் எண்டு எல்லாத்தையும் அழிச்சிட்டம். ஒரு இடத்திலையும் மிச்சம் விடேல்லை."

அவள் தலையாட்டினாள். அது நல்லதுதான் என்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு எழும்பி நின்றாள்.

"அப்ப அவன்ர போனில மட்டும்தான் இருக்கு," என்றாள்.